வினோதா அழித்த மனிதர்

2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17 ஆந் திகதி, வியாழக்கிழமை. நோர்வூட் கடைவீதியில் விடியற்காலையிலிருந்தே மழை. பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து காற்றுச் சாய்ந்து அடித்தமையால், கடைக்காரர்கள் முன்கதவுகளைப் பாதியளவே திறந்திருந்தனர். அன்று முற்பகல் வினோதாவின் படக்கடைக்குள் நுழைந்தவர்கள் அனைவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினர். மேசைமீது ஒரு தகரப்பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் இருந்த படச்சுருளிலிருந்து புளித்த காடியின் நெடியும், அதையும் மீறிய எலி மூத்திரத்தின் நெடியும் கிளம்பின.

“என்ன பிள்ளை, கடைக்குள்ளே ஊறுகாய் போடுறீரோ?” என்று கேட்டேன்.

“இல்ல சேர். இது தொரையோட நாய். செத்து அம்பது வருசமாச்சு, இன்னும் நாறுது” என்றார் வினோதா.

கையுறை அணிந்த விரல்களால் சுருளின் முனையை விளக்கொளிக்கு நேரே பிடித்துக் காட்டினார். பயறளவேயான சின்னஞ்சிறு படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பழுப்பு நாய் குளித்துக்கொண்டிருந்தது.

இது வினோதாவைப் பற்றிய சிறு வரலாறு. அச்சுருளின் நடுவில் சில விநாடிகள் மட்டுமே ஓடும் ஒரு காட்சி, இருந்தபடியே இருக்குமா அல்லது இல்லாமற் போகுமா என்பது பின்னர் அவருடைய பிழைப்பையே உலுக்கிய கேள்வியாயிற்று. ஆகையால் முறைப்படி அவரைப் பற்றி முதலிற் சொல்லிவிட்டு, அதன்பின் அக்காட்சிக்கு வருகிறேன்.

வினோதா டன்வெல் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் வரிசைவீடுகளாகிய லயமொன்றிற் பிறந்தவர். தந்தையார் மாயாண்டி தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். தாயார் லெட்சுமி கொழுந்து பறித்தார். உயர்தரப் படிப்பை இடையில் விட்டுவிட்டுக் கொழும்புக்குச் சென்ற வினோதாவுக்கு, வெள்ளவத்தையில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் வேலை கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் அவர் அங்கே செய்த வேலையை ஒரே சொல்லிற் சொல்லிவிடலாம்: வெளுத்தல். மணமகளை வெளுக்க வேண்டும்; மணமகளின் தங்கையையும் வெளுக்க வேண்டும், ஆனால் மணமகளைவிடச் சற்றுக் குறைவாக. ஒருமுறை, மலையகத்திற் பெண்ணெடுத்த கொழும்பு மாப்பிள்ளை ஒருவர், தாரை வார்க்கும் காட்சியில் மாமியாரின் விரல்களை மாற்றித் தரும்படி கேட்டாராம். தேயிலைக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல்கள் அவருடைய மோதிரத்துக்குப் பக்கத்தில் அழகாக இல்லையாம்.

“மாத்தினீரோ?” என்று கேட்டேன்.

“மாத்தினேன் சேர். வேற ஒரு பொம்பளையோட வெரல எடுத்து ஒட்டினேன். அந்தம்மா வந்து பாத்துட்டு, ‘என் கை இவ்வளவு அழகா இருக்கே’ன்னு சந்தோசப்பட்டாங்க. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல. மனுசனுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேல சேர் அது.”

பெருந்தொற்றுக் காலத்தில் அந்நிலையம் மூடப்பட்டது. ஊர் திரும்பிய வினோதா நோர்வூட் கடைவீதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். ஹற்றனில் இரும்புக்கடை வைத்திருக்கும் முத்துலிங்கம் என்பவருக்குச் சொந்தமான கட்டடம் அது. தொடக்கத்தில் வினோதாவிடம் இருந்தவை ஒரு பழைய கணினியும் திருட்டு மென்பொருளும் ஆகும். அத்திருட்டு மென்பொருளோடு தொற்றிக்கொண்டு வந்த நச்சுநிரல், ஒரு குடும்பத்தின் பூப்புனித நீராட்டு விழாப் படங்களை முழுமையாகத் தின்றுவிட்டது. பெண்ணின் தகப்பனார் கடைவாசலில் நின்று ஏசிய ஏச்சை இங்கே எழுத இயலாது. அதற்குப் பின்னரே வினோதா திறந்த மூல மென்பொருளின் பக்கம் திரும்பினார்.

திறந்த மூல மென்பொருள் என்பதை அறியாத வாசகருக்காகச் சுருங்கச் சொல்கிறேன். ஒரு மென்பொருள் எப்படி எழுதப்பட்டுள்ளது என்பதை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், விலை கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அதனை ஆக்கியோரே திறந்து வைத்துவிட்டால், அது திறந்த மூல மென்பொருள். வினோதா பயன்படுத்தியது திரைப்படச் சட்டங்களை, அதாவது சுருளிலுள்ள தனித்தனிப் படங்களை, சீர்செய்வதற்கென்றே உருவாக்கப்பட்டது. ஓடும் படம் என்று நாம் பார்ப்பது, வரிசையாக வைத்த நிலைப்படங்களைத்தானே? அவ்வரிசையை ஒரு புத்தகத்தின் தாள்களைப்போல முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்க அம்மென்பொருள் இடந்தருகிறது. ஒரு சட்டத்தில் கீறல் விழுந்திருந்தால், அதற்கு முந்திய சட்டத்தில் அதே இடத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கீறலின்மீது பூசலாம். தூசி, பூஞ்சணம், கறை அனைத்தையும் இவ்வாறே நீக்கலாம். அம்மென்பொருளின் கட்டளைச் சொற்களை வினோதா தம் ஓய்வு நேரத்தில் தமிழாக்கம் செய்து, உலகத்தார் எடுத்துக்கொள்ளும்படி வலைத்தளத்தில் வைத்தார். ஒற்று மிகும் இடம், மிகா இடம் பற்றிக் கேட்பதற்காக அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியனான என் வீட்டுப் படியேறியபோதுதான் எங்களுக்கு அறிமுகம் ஏற்பட்டது.

அந்த 2023 ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவதை ஊர்கள் தோறும் நினைவுகூர்ந்தனர். எங்கள் பகுதியிலும் ஒரு விழாக்குழு அமைந்தது. முத்துலிங்கம் அதன் தலைவர். மேடையில் வாசிக்கப்படுவனவற்றில் எழுத்துப்பிழை இல்லாமற் பார்ப்பதற்காக என்னையும் சேர்த்துக்கொண்டனர். டன்வெல் தோட்ட மேலாளராகிய துரை அக்காலத்திற் குடியிருந்த பங்களாவை உல்லாச விடுதியாக மாற்றியபோது, சாமான் அறையின் அலுமாரிக்குள் இந்தத் தகரப்பெட்டி அகப்பட்டது. மூடியில் 1971 என்று எழுதியிருந்தது. நம்மவரின் அக்கால வாழ்க்கை படமாகக் கிடைத்துவிட்டது என்று குழுவினர் துள்ளிக் குதித்தனர். நாறும் சுருளைச் சுத்தஞ்செய்து விழாவிற் காட்டும் பொறுப்பு வினோதாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதனை ஓட்டிப் பார்க்கும் கருவி இங்கே எவரிடமும் இல்லை. வினோதா ஒரு மரச்சட்டத்தில் விளக்கொன்றையும் தம் கமராவையும் பொருத்தி, சுருளைக் கையால் இழுத்து இழுத்து, சிறு படம் ஒவ்வொன்றையும் தனித்தனியே படம்பிடித்தார். காடி நெடியில் அவருடைய கண்கள் சிவந்து வீங்கின. பின்னர் அவற்றைக் கணினியில் வரிசைப்படுத்தித் தூசி தட்டத் தொடங்கினார்.

சுத்தஞ்செய்த முதற்பிரதியைப் பார்க்க முத்துலிங்கம் வந்த அன்று நானும் இருந்தேன். அவர் மூக்கிற் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

படம் ஓடியது. நாய் குளித்தது. நாய் உதறியது. துரைசாணியின் ரோசாச் செடிகள் வந்தன. மீண்டும் நாய் வந்தது.

“இதென்னம்மா, நாய்க்குக் கல்யாண வீடியோவா?” என்றார் முத்துலிங்கம்.

“பொறுங்க மொதலாளி. நம்ம ஆளுங்களும் வருவாங்க. நாய் களைச்சுப்போன பொறகு.”

களைத்த நாய் படுத்தது. அதன்பின் கொழுந்து நிறுக்கும் இடம் தெரிந்தது. கூடைகளோடு பெண்கள் வரிசையில் நின்றனர். அவர்களுக்கு முன்னால் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து, கையிற் பிரம்புடன் ஒருவர் நின்றார். தலைப்பாகையின் நிழல் அவருடைய முகத்திற் பாதியை மறைத்தது. மீதிப் பாதியைப் பூஞ்சணம் தின்றிருந்தது.

“நிப்பாட்டு! நிப்பாட்டு!” முத்துலிங்கம் கைக்குட்டையை மறந்து எழுந்தார். “இது எங்க தாத்தா! மாஸ்டர், கோட்டப் பாருங்க. கடையில சாமி படத்துக்குப் பக்கத்துல தாத்தா படம் தொங்குதே, அதே கோட்டு. வீரய்யா கங்காணின்னா சும்மாவா!”

கங்காணி என்பவர் தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கும் மேற்பார்வையாளர். முத்துலிங்கத்தின் இரும்புக்கடைக்குப் பெயரே ‘கங்காணி ஸ்டோர்ஸ்’. அவருடைய பாட்டனார் வீரய்யா, பேரன் பிறந்த மறு ஆண்டிலேயே இறந்துவிட்டார். பேரனுக்குத் தெரிந்ததெல்லாம் கோட்டணிந்த அந்தச் சுவர்ப்படமும், தகப்பனார் சொல்லிவைத்த பெருமையுந்தான்.

“மிச்சத்தையும் பாருங்க” என்று வினோதா படத்தை ஓடவிட்டார்.

கோட்டணிந்தவர் ஓர் இளம்பெண்ணின் கூடைக்குள் கையைவிட்டுக் கொழுந்தைக் கிளறினார். எதையோ எடுத்து அவளுடைய முகத்துக்கு நேரே ஆட்டினார். பின்னர் காலைத் தூக்கிக் கூடையை உதைத்தார். கொழுந்து முழுவதும் சேற்றிற் கொட்டுண்டது. அவள் முழந்தாளிட்டு அள்ளத் தொடங்கினாள். அப்போது சட்டையில்லாத ஒருவர், தலையிற் கவிழ்த்த சாக்குடன் வரிசைக்குப் பின்னாலிருந்து வந்து, அவளருகே குந்தி அவளோடு சேர்ந்து அள்ளினார். பிரம்பு உயர்ந்தது. அவர் நிமிர்ந்து பார்க்காமல் அள்ளிக்கொண்டே இருந்தார். படம் பிடித்தவர் சிரித்திருக்க வேண்டும், காட்சி குலுங்கியது. மறுகணம் நாய் வந்துவிட்டது.

முத்துலிங்கம் மெல்ல நாற்காலியில் அமர்ந்தார்.

“கால் தவறிப் பட்டிருக்கும்” என்றார் முத்துலிங்கம்.

வினோதா மறுபடியும் ஓட்டிக் காட்டினார். “தவறலைங்க.”

“அப்ப அந்த எடத்த வெட்டிரு.”

“வெட்டினா உங்க தாத்தாவும் போயிருவாரு மொதலாளி. அவரு வர்றது அங்க மட்டுந்தான்.”

முத்துலிங்கம் தாடையைத் தடவினார். “சரி, கூடைய நிமித்து. கொழுந்து கொட்டாத மாதிரி பண்ணு. தாத்தா கம்பீரமா நிக்கட்டும். அந்தப் பயலத் தூக்கிரு.”

“எந்தப் பயலுங்க?”

“அந்தா, அம்மணமா சாக்கக் கவுத்துக்கிட்டுச் சேத்துல அளையிறான்ல. அசிங்கம். குறுக்க வந்து தாத்தாவையும் மறைக்கிறான்.”

“இது தூசு இல்லீங்க மொதலாளி.”

“தூசுன்னு நெனச்சுக்க.”

அடுத்த குழுக்கூட்டத்தில் நான் எழுந்து, நடந்த ஒன்றை நடவாததாகக் காட்டுவதற்கு நினைவு விழா எதற்கு என்று கேட்டேன். “மாஸ்டர், இது சந்தோசமான விசயம். வர்ற சனத்த அழ வைக்கவா கூப்புடுறோம்?” என்றார் தலைவர். ஏனையோர் தலையாட்டினர். அதன்பிறகு தேநீரும் ரோல்ஸும் வந்தன. எல்லோரும் விரல்களை நக்கிக்கொண்டே, வளைவுக்கு எந்த நிறத் துணி கட்டுவது என்று பேசத் தொடங்கினர். கூட்டம் முடியுமுன் எழுந்து வந்துவிட்டேன்.

வினோதா அந்த வேலையைச் செய்தார். இதனை நான் மறைக்கப்போவதில்லை, அவரும் மறைத்ததில்லை. முதலில் கூடையை நிமிர்த்தினார். முந்திய சட்டங்களில் நின்ற பெண்ணையே எடுத்து, முழந்தாளிட்ட பெண்ணின் இடத்தில் வைத்தார். அதன்பின் சாக்கணிந்தவரைத் துடைக்கலானார். பக்கத்துச் சேற்றை எடுத்து அவருடைய பாதங்களின்மேற் பூசினார். புல்லை எடுத்து முழங்கால்களின்மேற் பூசினார். அடுத்த சட்டத்தில் அவர் மீண்டும் முழுதாக வந்து நின்றார். மீண்டும் பாதத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் மாலை நான் போனபோது, திரையில் ஆள் இல்லை. கொழுந்தை அள்ளிய ஒரு கைமட்டும் சேற்றின்மேல் மிஞ்சியிருந்தது.

“ஏன் பிள்ளை இதைச் செய்யிறீர்?” என்று கேட்டேன்.

“கட அவரோடது சேர். வெளிய போன்னா நான் எங்க போறது? திரும்பக் கொழும்புக்குப் போய்ச் சுண்ணாம்பு அடிக்கவா?” அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கொழும்புல ஆளுங்க தோலத்தான் மாத்துனேன். இங்க ஆளையே பொதைக்கிறேன். சீ, என் கையப் பாத்தா எனக்கே புடிக்கல.”

ஒக்டோபர் மாத இறுதி ஞாயிற்றுக்கிழமை, ஹற்றனில் ஒரு மண்டபத்தில் விழா நடைபெற்றது. பறை முழங்கிற்று, வரவேற்புரை நீண்டது, நீண்டகாலம் தோட்டத்தில் உழைத்தோரைப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பதற்காக முன்வரிசையில் அமர்த்தியிருந்தனர். அவர்களுள் ஒருவர் டன்வெல் தோட்டத்து ராசம்மா. எழுபது வயதைத் தாண்டியவர். குரல் மட்டும் மலையின் அடுத்த பக்கத்துக்குக் கேட்கும்.

படம் ஓடத் தொடங்கியது. நாயைக் கண்டு சிறுவர்கள் கைதட்டினர். கொழுந்து நிறுக்கும் காட்சி வந்ததும் முத்துலிங்கம் ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, “இதோ, கோட்டோட நிக்கிறாரே, இவருதான் அடியேனோட பாட்டனார்” என்று அறிவித்தார். கோட்டணிந்தவர் கம்பீரமாக நின்றார். அவருக்கு முன்னால் நிறைந்த கூடையுடன் ஓர் இளம்பெண் அசையாமல் நின்றாள்.

“ஏய், அது நான்!” என்று கூவினார் ராசம்மா. மண்டபம் சிரித்து ஆர்ப்பரித்தது. அவர் எழுந்து திரைக்கருகே சென்றார். “இது நாந்தான். இது தனலெட்சுமி, செத்துப்போனா. ஆனா நான் ஏன் மரமாட்டம் நிக்கிறேன்? கூடைய ஒதைச்சானே? வீரய்யா அண்ணன் எங்க?”

“பாட்டி, இந்தா நிக்கிறாரே வீரய்யா கங்காணி” என்றார் முத்துலிங்கம் ஒலிவாங்கியில்.

“யாரு? இந்த ஆளா?” ராசம்மா திரையை நோக்கிக் காறித் துப்புவதுபோல ஓசை செய்தார். “இது கருப்பண்ணன் கங்காணி. த்தூ! தம்பி, நீங்க வீரய்யா அண்ணன் பேரன்தானே? உங்க தாத்தாவுக்குக் கோட்டு ஏது? சாக்குத் தூக்குற மனுசன். மழைக்கும் சாக்கு, குளிருக்கும் சாக்கு. நான் சேத்துல அள்ளிக்கிட்டு இருக்கேன், ஒருத்தி குனியல. அவருதான் வந்து குந்தி அள்ளினாரு. அதுக்காக அன்னிக்கு அவருக்கு அரைப் பேருதான் போட்டாங்க.”

அரைநாட் சம்பளந்தான் கிடைத்தது என்பது இதன் பொருள். மண்டபத்தில் இருந்தோருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

“எங்க கடையில படம் இருக்கு பாட்டி. கோட்டோட” என்றார் முத்துலிங்கம். இப்போது ஒலிவாங்கி அவருடைய வாயிலிருந்து விலகியிருந்தது.

“இருக்குந்தான். ஹற்றன் ஸ்டூடியோவுல ஒரு கோட்டு ஆணியில தொங்கும். நம்ம ஆளுங்கள இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புன காலத்துல பாஸ்போட்டுப் படம் புடிக்கப் போன ஆம்பளைங்க எல்லாம் அதத்தானே மாட்டிக்கிட்டு நின்னாங்க. எம் புருசனும் மாட்டினாரு. அந்தக் கோட்டுல பேன் இருந்துச்சுன்னு ஒரு வாரம் சொறிஞ்சாரு!”

பின்வரிசைகளில் எழுந்த சிரிப்பு முன்வரிசைவரை வந்தது. தலைவர் பொன்னாடையைப் பறித்தெடுத்துத் தாமே ராசம்மாவின் தோளிற் போர்த்தினார். “பாட்டிக்கு வயசாயிருச்சு. ஞாபகம் தடுமாறுது. எல்லாரும் கைதட்டுங்க!” என்றார். எல்லோரும் கைதட்டினர். உண்மையைச் சொன்ன ஒருத்தியின் வாயைப் பொன்னாடையால் அடைக்கவும் முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். அக்கைதட்டலின் ஓசை இன்றும் எனக்கு அருவருப்பூட்டுகிறது.

மதிய உணவின்போது ராசம்மா வினோதாவைத் தேடிப் பிடித்தார்.

“படத்த இப்பிடிப் பண்ணுனது நீயா?”

“நாந்தாங்க.”

“எந்தத் தோட்டத்துப் புள்ள நீ?”

“டன்வெல்லு. மாயாண்டி மக.”

“மாயாண்டி மகளா!” ராசம்மா அவரை மேலுங்கீழும் பார்த்தார். “கருப்பண்ணன் கூடையத்தான் ஒதைச்சான். நீ அண்ணனையே ஒதைச்சுத் தள்ளிட்டியே. நம்ம லயத்துல பொறந்தவளா இத செஞ்சா?”

ராசம்மா தம் சோற்றுத்தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

எதையும் சரிபார்க்காமல் நம்புவது என் பழக்கமன்று. மறுநாள் ‘கங்காணி ஸ்டோர்ஸ்’ சென்று, ஆணி வாங்குபவன்போல நின்று சுவர்ப்படத்தைக் கவனித்தேன். கோட்டின் கைகள் வீரய்யாவின் விரல் நுனிவரை தொங்கின; மேலிருந்து இரண்டாவது பொத்தானைக் காணவில்லை. அடுத்த வாரம் ராசம்மாவின் லயத்துக்குப் போனேன். அவருடைய கணவரின் படத்திலும் இரண்டாவது பொத்தான் இல்லை. அதே லயத்தில் இன்னொரு வீட்டில் தொங்கிய படத்திலும் இல்லை. உயரமானவருக்குக் குட்டையாகவும் குட்டையானவருக்கு நீளமாகவும், ஒரே கோட்டு எல்லாத் தாத்தாமாரையும் கனவான்களாக்கியிருந்தது. அவர்களுள் ஒருவருடைய பேரன் மட்டும் அந்தக் கோட்டைக் கொண்டு கடைக்குப் பெயர் வைத்துவிட்டார்.

சில நாட்களின்பின் முத்துலிங்கம் படக்கடைக்கு வந்தார். நான் அங்கே அடையாள அட்டைப் படமொன்றுக்காகக் காத்திருந்தேன். என்னைக் கண்டும் அவர் தயங்கவில்லை.

“நோட்டன் பிரிட்ஜ்ல அத்தை இருக்காங்க. கேட்டேன்” என்றார். “கெழவி சொன்னது சரிதான். சாக்குத் தூக்கின ஆளுதான்.” பின்னர் வினோதாவிடம், “பழசு இருக்கா? அழிக்காதது?” என்று கேட்டார்.

“இருக்குங்க. முதல்ல புடிச்ச படங்க எல்லாத்தையும் தனியா வச்சிருக்கேன். அதுமேல கைவைக்கிறதில்ல.”

“போடு, பாப்போம்.”

வினோதாவின் முகத்தில் அன்றுதான் சிறிது வெளிச்சத்தைக் கண்டேன். பாட்டனாரைத் திரும்பக் கேட்க வந்திருக்கிறார் என்று நானும் எண்ணினேன். சாக்கணிந்தவர் வந்து குந்தும் இடத்தில் வினோதா படத்தை நிறுத்தி, பெரிதாக்கிக் காட்டினார். விலா எலும்புகள் தெரிந்தன. காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து இரத்தம் கோடாக வழிந்திருந்தது. சாக்கின் கிழிசல் வழியே ஒரு காது தெரிந்தது. முத்துலிங்கத்தின் காதைப்போலவே அகன்று விரிந்த காது.

முத்துலிங்கம் நெடுநேரம் பார்த்தார். அவருடைய மூக்கு மெல்லச் சுளித்தது. சுருளை வேறிடத்துக்கு மாற்றி வெகுநாளாகியும், அறையில் நெடி ஏதுமில்லாதிருந்தும், அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கிற் பொத்திக்கொண்டார்.

“இதுதானா?” என்றார்.

“இவருதாங்க. திரும்ப வச்சுடவா? நாலஞ்சு நாள் வேலதான். காசு ஒண்ணும் வேணாம்.”

“பைத்தியமா ஒனக்கு? மகளுக்குக் கொழும்புல சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம். விழாப் படத்த அவங்களுக்கு அனுப்பியாச்சு. கங்காணி குடும்பம்னு அவங்களும் நாலு பேருகிட்டச் சொல்லியாச்சு. இந்த அம்மணக் கோலத்தக் காட்டி, இவருதான் தாத்தான்னா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “காட்டின படம் காட்டின படமாவே இருக்கட்டும். இத அழிச்சிரு.”

“மொதலாளி, அந்தக் கோட்டுக்காரன் உங்களுக்கு யாரும் இல்ல. கூடைய ஒதைச்சவன். இவருதான் உங்க சொந்தத் தாத்தா.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுந்தான் சொல்றேன். செத்தவருக்கு என்ன தெரியப்போவுது? நான் இருக்கேன், என் மக இருக்கா.”

என் வாழ்நாளில் எத்தனையோ இழிந்த சொற்களைக் கேட்டிருக்கிறேன். அவற்றையெல்லாம் பேசியோர் சினத்தாலோ அறியாமையாலோ பேசினர். இவரோ, அறிந்துகொண்டு, கடைக்கணக்குப் பார்க்கும் அமைதியோடு, தம் பாட்டனாரை இரண்டாம் முறையும் சேற்றிற் புதைக்கச் சொன்னார். முதன்முறை தெரியாமற் செய்தார் என்று நான் வைத்திருந்த சிறு இரக்கமும் அந்த இடத்திற் செத்தது.

“திங்கக்கிழமைக்குள்ள சுருளையும் குடுத்துரு, கம்பியூட்டர்ல இருக்கிறதையும் அழிச்சிரு. இல்லாட்டி கடைச் சாவியக் குடுத்துரு. ரெண்டுல ஒண்ணு” என்று சொல்லிவிட்டு, வாசலிற் கிடந்த தம் குடையை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

வினோதா கத்தரிக்கோலை எடுத்தார். என் அடையாள அட்டைப் படத்தை வெட்டித் தந்தார். பின்னர், “சேர், நான் இவருக்குப் பயந்துதானே அந்த மனுசன அழிச்சேன். ஒவ்வொரு சட்டமா, கால்லேருந்து. அவரு மறுபடி மறுபடி எந்திரிச்சு வந்தாரு, நான் மறுபடி மறுபடி பொதைச்சேன்” என்றார்.

சனி, ஞாயிறு இரு நாளும் கடை பூட்டியிருந்தது. திங்கட்கிழமை நான் போனபோது, முன்பக்கக் கண்ணாடி அலுமாரியிற் படங்கள் இல்லை. கமராவும் மரச்சட்டமும் கயிற்றாற் கட்டப்பட்டு மூலையில் இருந்தன. கணினி பழைய கம்பளியொன்றாற் சுற்றப்பட்டிருந்தது. டன்வெல் லயத்து வீட்டில் தகப்பனாரின் அறைக்கு மின்சாரம் இருக்கிறது, அங்கிருந்தும் வேலை செய்யலாம் என்றார். ஆட்கள் அவ்வளவு தூரம் ஏறி வருவார்களா என்று கேட்டதற்கு, வரமாட்டார்கள் என்றே எண்ணுவதாகச் சொன்னார். மேசைமேல் சாவி இருந்தது. அதன் பக்கத்தில் அந்தத் தகரப்பெட்டி இருந்தது.

முத்துலிங்கம் பத்து மணியளவில் வந்தார். வாசற்படியிலேயே நின்றார். கட்டிவைத்த சாமான்களையும் மேசையிற் கிடந்த சாவியையும் பார்த்துவிட்டு, அதைக் கண்டுகொள்ளாதவர்போலப் பேசினார்.

“என்னம்மா இது, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கடைய நீயே வச்சுக்க. சுருளத்தான் எடுத்து வச்சிருக்கியே, அது போதும். கம்பியூட்டர்ல இருந்தத அழிச்சிட்ட, இல்ல?”

வினோதா சாவியை அவர் பக்கம் நகர்த்தினார். தகரப்பெட்டியை எடுத்துத் தம் பைக்குள் வைத்தார்.

“இல்லீங்க. அழிக்கல.”